கயிறா, திரையா, பெட்டியா?

கலையிரவில் சேர்ந்த பணத்தில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. அதை வகுப்பறைக்கே செலவழிக்கலாம் என்று எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடியபோது மூன்று யோசனைகள் வந்தன. ஆண்டுச் சந்தா கட்டிப் பார்க்கும் காணொளிப் பாடத் தொகுப்பு ஒன்று. கடையில் விற்கும் பிளாஸ்டிக் கணிதப் பெட்டி இன்னொன்று. பிள்ளைகளைச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குக் கூட்டிப் போவது என்பது நான் சொன்னது. "நம்ப தோட்டத்துக்குப் போக எதுக்கு டீச்சர் காசு?" என்று பொருளாளர் சிரித்தார். வேன், பூட்ஸ், கயிறு என்று கணக்குச் சொன்னேன். கடைசியில் மூன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஒதுக்கினோம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஓராண்டு ஓட்டிப் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் கணிதம். இடமதிப்புக்கு நான் பால்மரக் (ரப்பர் மரக்) கொட்டைகளைத்தான் நம்பியிருந்தேன். காசு கிடையாது, காய் வெடித்துத் தரையெல்லாம் கிடக்கும். ஆனால் பத்துக் கொட்டையைக் குவித்தாலும் அது குவியல்தான், 'ஒரு பத்து' என்று பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிளாஸ்டிக் பெட்டியில் பத்துக் கட்டை ஒன்றுக் கட்டையைவிடச் சரியாகப் பத்து மடங்கு நீளம். அங்கே பெட்டி ஜெயித்தது. கழித்தலில் பத்தை உடைக்க வேண்டி வந்ததும் பெட்டியும் திணறியது, கட்டை உடையாதே. ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தேன். வளையத்தைக் கழற்றினால் பத்தும் ஒன்றுகளாகிவிடும். இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல சாதனம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆறாம் ஆண்டுக்குப் பரப்பளவு. செம்பனை நிரைக்கு ஒரு கயிற்றோடு போனோம். ஒன்பது மீட்டரில் முடிச்சுப் போட்டு, ஒரு மரத்தில் பிடித்துச் சுற்றி வந்தால், பக்கத்து மரங்கள் ஆறும் ஏறக்குறைய முடிச்சிலேயே நிற்கின்றன. சதுரமாக நடாமல் முக்கோணமாக நட்டிருக்கிறார்கள். ஏன்? வகுப்புக்குத் திரும்பிக் கணக்குப் போட்டோம். ஒன்பது மீட்டர் சதுரமாக நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 123 மரம். அதே இடைவெளியில் முக்கோணமாக நட்டால் நிரைக்கும் நிரைக்கும் 7.8 மீட்டர்தான், ஏறக்குறைய 143 மரம் பிடிக்கும். "இருபது மரம் சும்மா கெடைக்குதா டீச்சர்!" என்றான் ஒருவன். குலை வெட்டுகிறவரின் மகன் அவன். அதன் பிறகுதான் கணினி அறைக்குப் போய் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளைத் திறந்தோம், அது இலவசம். இடைவெளியை எட்டாக்கு, பத்தாக்கு என்று இழுத்து இழுத்து எண்ணிப் பார்த்தார்கள். திரையை முதலில் காட்டியிருந்தால் அது வெறும் புள்ளி விளையாட்டாகப் போயிருக்கும்.

சந்தா கட்டிய காணொளித் தொகுப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பருவகாலப் பாடத்தில் மஞ்சள் இலை உதிர்ந்தது, பனி கொட்டியது. வெப்பமண்டலத்தில் மரங்கள் எப்போதும் பச்சை என்று குரல் சொன்னது. பிப்ரவரி மாதம் அது. சன்னலுக்கு வெளியே பள்ளி வேலியோரத்துப் பால்மரம் மொட்டையாக நின்றது. ஒரு பிள்ளை அதைக் காட்டியபோது நான் காணொளியை நிறுத்திவிட்டேன். எரிமலை, கடலடி என்று கண்ணால் காண முடியாதவற்றுக்கு அந்தத் தொகுப்பு உதவியதையும் சொல்ல வேண்டும்.

சுற்றுச்சூழலில் தோட்டத்துக்கு ஈடு இல்லை. பூத்திருக்கும் செம்பனை ஆண்பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் சோம்பு வாசம் அடிக்கும், எள்ளை விடக் கொஞ்சம் பெரிய கரும் வண்டுகள் கொட்டும். மகரந்தச் சேர்க்கைக்காகக் கேமரூனிலிருந்து கொண்டு வந்து 1981இல் இங்கே விடப்பட்ட வண்டு. அதற்கு முன்? பிள்ளைகளை வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். ஒருத்தியின் பாட்டி சொல்லியனுப்பினார்: "பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை எங்களுக்குத்தான்." முகப்பவுடர் மாதிரித் தூளில் மகரந்தத்தைக் கலந்து பூப்பூவாக ஊதியிருக்கிறார்கள். வண்டு வந்ததும் அந்த வேலை போயிற்று. அறிவியல் என்று தொடங்கிய பாடம் அன்று வரலாறாக முடிந்தது. சிரமமும் உண்டு: மட்டையில் முள், நிரையில் பாம்பு, நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம், பெற்றோர் கையெழுத்து. மழை பெய்தால் எல்லாம் போச்சு.

இவ்வளவு வெளியே போகச் சொல்கிற நானே வரலாற்றில் பின்வாங்கினேன். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊரருகே தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் அதையடுத்துத்தான் வந்தது. பாடநூலில் அது ஓரிரு வரி. அதனால் தாத்தா பாட்டிகளைப் பேட்டி எடுக்க அனுப்பினேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றி முள்வேலி போட்ட கதை வந்தது, அரிசிக்குக் கட்டுப்பாடு வைத்த கதை வந்தது. ஆனால் ஒரு தாத்தா அதை ஜப்பான்காரன் காலம் என்றார், இன்னொருவர் வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு என்றார். இருவருமே பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள். அதைத் தீர்க்கப் பாட்டியும் போதவில்லை, காணொளியும் போதவில்லை. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்துக்குப் போனோம். அதுவும் இலவசம். தேதியைத் தேடி, அந்த வாரத்து ஆங்கிலத் தாள்களை நான் வரிவரியாகத் தமிழில் சொல்ல, பிள்ளைகள் காலக்கோட்டில் குறித்தார்கள். ஒரு பாடவேளைக்கு இரண்டு செய்திதான் முடிந்தது. வேகம் போதாது என்று சக ஆசிரியர் சொல்கிறார், அவர் சொல்வதும் நியாயம்தான்.

இந்த ஆண்டு சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. பத்துக் கட்டைப் பெட்டி இன்னும் இரண்டு வாங்கினோம், குச்சிகள் கட்டுக் கட்டாக. மிச்சம் வேனுக்கு: 1877இல் வந்த பால்மர நாற்றுகளில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் மரமாக நிற்கிறது, அதைச் சுற்றளந்து வர. அனுமதிக் கடிதம் போயிருக்கிறது. பொருளாளர் இந்த முறை கயிற்றைத் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார்.