மொறிஸ் மைனர் திருத்தக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு: பெயின்றுக்கு அடியில் என்ன இருந்தது

கிளிநொச்சிப் பக்கத்தில் மொறிஸ் மைனர் 1000 என்ற பழைய ஆங்கிலேயக் கார் ஒன்று. ஆசனம், வயறிங், கண்ணாடி ரப்பர் எல்லாம் வீட்டிலேயே முடித்து, பொடி ரிங்கரிங்கும் எஞ்சினும் மட்டும் கராஜுக்குக் கொடுக்கப்பட்டது. பில்லில் இருந்தது: "இரண்டு பக்கமும் 18 கேஜ் தகடு, முழு வெல்டிங், எஞ்சின் போர் 40." போர் 40 என்றால் சிலிண்டர் துளையை ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு பெரிதாக வெட்டுவது. முழுக்காசும் கைமாறியது. ஒரு மாரி கழிய, சாரதி பக்கக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் பூட்டலாம் என்ற நிலை. சைலன்சரில் நீலப் புகை.

காப்பற்றை எடுத்து, அடியில் பூசியிருந்த தாரைச் சுரண்டினால் வெல்டிங் பொட்டே இல்லை. துருத் தின்ற பழைய தகட்டுக்கு மேல் கூரைக்குப் போடுகிற தகரம், ரிவிற் அடித்துப் பிடித்திருக்கிறது. ஓட்டைகளுக்குள் கடதாசியும் ஸ்பொஞ்சும். வெளியே விரல் தடிப்புக்குப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), அதன்மேல் கண்ணைப் பறிக்கிற பெயின்ற். ஸ்பொஞ்ச் குடித்த மழைத்தண்ணி வெளியே போக வழியில்லாமல், மிச்சமிருந்த நல்ல இரும்பையும் உள்ளிருந்தே தின்றிருக்கிறது. திருத்தாமல் விட்டிருந்தால் இவ்வளவு போயிராது.

மைனருக்குத் தனிச் செஸி கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டியும், முன் ஆசனத்தடியில் குறுக்கே போகும் பெட்டியும்தான் காரின் முள்ளந்தண்டு. முன் சில்லுகளைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளின் பின்முனை அந்தக் குறுக்குப் பெட்டியில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அங்கே தகரம் ஒட்டுவது அழகுப் பிரச்சினையில்லை, உயிர்ப் பிரச்சினை.

சரியான வேலை இப்படி இருக்கவேண்டும். காரை மட்டமாக நிறுத்தி, கதவு வாசலில் மேலிருந்து கீழும் முன்னிருந்து பின்னும் ஒரு அங்குலப் பெட்டிக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்ட் பண்ணிய பிறகே வெட்டத் தொடங்கலாம். ஒரே நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் வெட்டினால் உடம்பு நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. துருப்பிடித்த இடத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறியவேண்டும். புதுத் தகடு 18 கேஜ், அதாவது 1.2 மி.மீ. கூரைத் தகரம் இதில் பாதித் தடிப்புக்கூட இல்லை. அதன் நாகப்பூச்சு வெல்டிங் சூட்டில் புகைந்து பொட்டையும் கெடுக்கும், வேலை செய்பவரின் நெஞ்சையும் கெடுக்கும். உள்தகடு, நடுத்தகடு, குறுக்குப் பெட்டி என்று உள்ளிருந்து வெளியே வரவேண்டும். ஒவ்வொரு படியிலும் கதவைப் போட்டுப் பூட்டிப் பார்த்தபின்தான் வெளித்தகடு.

வெளித்தகடு மூடமுன் நேரே போய்ப் பாருங்கள். கராஜ்காரர் அனுப்பும் படத்தை நம்பவேண்டாம், அது வேறு காரின் படமாகவும் இருக்கலாம். மூடியபின்தான் பார்க்கக் கிடைத்ததென்றால் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்துங்கள். பட்டி 3 மி.மீ. தாண்டினால் பிடிப்பு தளரும், இன்னும் தடித்தால் காந்தம் விழுந்துவிடும். ஆனால் ரிவிற் அடித்த தகரத்தில் காந்தம் நன்றாக ஒட்டும். அதைப் பிடிக்கிற வழி ஜக். குறுக்குப் பெட்டியின் முனையிலுள்ள ஜக் வாயில் காரை ஒரு பக்கம் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து பூட்டுங்கள். இடைவெளி மாறினாலோ, நொறுங்கும் சத்தம் கேட்டாலோ மிச்சக்காசைப் பொக்கற்றிலேயே வைத்திருங்கள். வேலை முடிந்த அன்றே தார் பூசித் தருகிற கராஜ் என்றால் சந்தேகப்படுங்கள். தார் கடைசி வேலை, பார்த்தபின் பூசட்டும்.

இனி எஞ்சின். ஹெட்டைக் கழற்றியபோது பிஸ்டன் தலையில் 40 என்ற முத்திரை இல்லை. பழைய பிஸ்டனுக்குப் புது றிங் மாட்டியிருக்கிறார்கள். சிலிண்டரின் மேலோரத்தில் நகம் தட்டுகிற தேய்மானப் படி அப்படியே இருக்கிறது. போர் வெட்டிய சிலிண்டரில் அந்தப் படி இருக்க வழியில்லை. புது மேல் றிங் படியில் முட்டி உடைந்ததுதான் புகைக்குக் காரணம்.

வன்னிக் கார்களில் இந்த ஏமாற்று இலகுவாக எடுபடுவதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் இவை. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடித்தொட்டியில் (சம்ப்) இருக்கும் ஒயிலையும் தண்ணியாக்கும். சிலிண்டர், பெயாரிங் இரண்டும் தேயும். பல எஞ்சின்களின் சிலிண்டர்கள் ஏற்கனவே வெட்டக்கூடிய கடைசி அளவுக்கு வந்துவிட்டன. அவற்றுக்குச் சிலிண்டருக்குள் புதுக் குழாய் (ஸ்லீவ்) இறக்குவதுதான் வழி, இன்னொருமுறை போர் வெட்டுவது அல்ல. 948 சிசி எஞ்சினின் மூல விட்டம் 62.9 மி.மீ. போர் 40 என்றால் 63.95 அளவில் நிற்கவேண்டும். 1098 சிசி என்றால் மூலம் 64.6. பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகே சிலிண்டரை வெட்டக் கொடுக்கவேண்டும். கிராங் அரைத்ததாகச் சொன்னால் பெயாரிங்கின் முதுகைப் பாருங்கள், அளவு அடித்திருக்கும். பழைய பிஸ்டனையும் பெயாரிங்கையும் கேட்டு வாங்குங்கள். "எறிந்துபோட்டம்" என்ற பதிலுக்கு அர்த்தம் ஒன்றுதான்.

வேலை முடிந்த எஞ்சினுக்கு ஒயில் அழுத்தம் காட்டும் கேஜ் பூட்டி, சூடானபின் ஓட்டிப் பாருங்கள்: ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 15க்குக் குறையாமல் நிற்கவேண்டும். வால்வ் இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது.

பாகம் மாற்றுவது இன்னொரு கூத்து. இந்தக் காரில் எஸ்யூ காபிரேற்றர் போய் யப்பான் காபிரேற்றர் ஒன்று வந்திருக்கிறது, "பெற்றோல் மிச்சம்" என்ற விளக்கத்தோடு. கியர்பொக்ஸும் மாறலாம். 1962க்குப் பிந்திய 1098 சிசி காரின் கியர்பொக்ஸ் உறையில் விலா எலும்பு மாதிரி வரிகள் இருக்கும், 948இன் உறை வழுவழுப்பு. எஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே ரிவிற் அடித்த சிறு தகட்டில்தான் இருக்கிறது. தகடு இடம் மாறுவது பெரிய வேலையில்லை. கார் கராஜுக்குப் போகமுன் இலக்கத் தகடு, கியர்பொக்ஸ் உறை, காபிரேற்றர், டைனமோ, பழைய கார் என்றால் கை நீட்டுகிற சிக்னல்கள் எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுத்துவையுங்கள். எஞ்சின் இலக்கம் சிஆர் புத்தகத்தோடு (வாகனப் பதிவுப் புத்தகம்) ஒத்துவராவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அலையப்போவது கராஜ்காரர் அல்ல.

முன் சில்லைப் பிடிக்கும் மரை வெட்டிய மூட்டான ரனியனையும் மறக்கவேண்டாம். "புதுசு போட்டது" என்று கிறீஸ் அப்பித் தருவார்கள். கிறீஸைத் துடைத்து, சில்லைத் தூக்கி, ரயருக்கு அடியில் கம்பி வைத்து மேலே நெம்புங்கள். மரையில் ஆட்டம் தெரிந்தால் அது பழசு. கிரவல் றோட்டுத் தூசி ஏறிய மரை ஒருநாள் கழன்று, முன்சில்லு மடிந்து விழும்.

காசை மூன்றாகப் பிரியுங்கள்: தகடும் பிஸ்டனும் வாங்க ஒரு பங்கு, வெளித்தகடு மூடமுன் பார்த்தபின் ஒரு பங்கு, 200 கி.மீ. ஓடியபின் கடைசி. தகட்டின் கேஜ், போர் அளவு, பழைய பாகம் திருப்பித் தருவது எல்லாம் பில்லில் எழுத்தில் இருக்கவேண்டும். ஏமாந்தவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். பிரதேச மத்தியஸ்த சபைக்கும் போகலாம். எங்கே போனாலும் முதலில் கேட்பது பில். தகரத்தையும் ரிவிற்றையும் கழற்றி எறியமுன் அவை இருந்த இடத்திலேயே படம் எடுங்கள்.