ஐந்து வருடம் வீட்டில், நான்காவது வருடம் அரசுப் பள்ளியில்

என் மகள் பத்து வயது தாண்டும்வரை எந்தப் பள்ளிக்கும் போனதில்லை. 2017 ஜூனில் தொடங்கி 2022 மே வரை வீட்டிலேயே படித்தாள். ஆறாம் வகுப்புக்குக் கும்பகோணத்தில் ஓர் அரசு மகளிர் பள்ளியில் சேர்ந்தாள். இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். இரண்டையும் பார்த்தவள் என்பதால் மாதம் ஒருவராவது என்னிடம் வந்து எது நல்லது என்று கேட்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் முடிவெடுத்துவிட்டு, அதை என் வாயால் கேட்டுக்கொள்ள வருகிறவர்கள். மீதிப் பேருக்காக எழுதுகிறேன்.

முதலில், ஏன் வீட்டில் வைத்துக்கொண்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். அப்போது ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றரை வயதுப் பிள்ளைகளை நாலு கோட்டு நோட்டில் விரல் நோக எழுத வைக்கிறார்கள், மனப்பாடம்தான் படிப்பு என்றாகிவிட்டது, குழந்தை கேள்வி கேட்பதையே மறந்துவிடும் என்றெல்லாம் எல்லோரிடமும் காரணம் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் அடியில் வேறொன்று இருந்தது. 2004 ஜூலை 16 அன்று நான் கல்லூரியில் இருந்தேன். எங்கள் ஊரில் ஒரு தனியார் பள்ளியின் சமையற்கட்டுத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொன்னார்கள், சட்டதிட்டங்கள் வந்தன. எல்லாம் சரி. ஆனால் அந்த வாரம் இந்த ஊரில் இருந்தவர்களுக்கு, ஒரு குழந்தையைக் குறுகலான மாடிப்படி உள்ள கட்டடத்துக்குள் அனுப்புவது லேசான காரியமில்லை. பல வருடம் கழித்து என் கணவர் சொன்ன பிறகுதான் இதை நானே ஒப்புக்கொண்டேன். கல்விக் கொள்கை என்று நான் நினைத்திருந்ததில் பாதி பயம்.

மாமியாருக்கு இது பிடிக்கவே இல்லை. "பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் ஊர் வாயில் விழுவானேன்?" என்று ஒரு வருடம் முழுக்கக் கேட்டார். அப்புறம் அவரே பல்லாங்குழியை எடுத்து வந்து பேத்திக்குக் கூட்டலும் மீதியும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக் கல்வியில் என்ன கிடைத்தது என்று ஒரே சொல்லில் கேட்டால், நேரம் என்பேன். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தாராசுரம் கோயிலில் எங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் அந்தச் சிற்பத்தின் முன்னால் என் மகள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, ஒரு பக்கத்தைக் கையால் மறைத்து யானையாகவும் மறுபக்கத்தை மறைத்துக் காளையாகவும் வரைந்தாள். யாரும் மணி அடிக்கவில்லை, அடுத்த பாடவேளை வரவில்லை.

இன்னொன்றை விரிவாகச் சொல்கிறேன். பின்னால் அது தேவைப்படும். 2020 ஜனவரியில் சுவாமிமலைக்கு ஒரு சிற்பப் பட்டறை பார்க்கப் போனோம். முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காய வைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகை முதலிலேயே எடை போட்டு வைத்துக்கொண்டு, அதை வைத்துத்தான் எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். மகள் ஸ்தபதியிடம் கேட்டாள்: "ஒரு கிலோ மெழுகு வெளியே வந்தால் ஒரு கிலோ செம்பு ஊற்றினால் போதாதா?" அவர் சிரித்துவிட்டு, "வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேள், தங்கம்" என்றார்.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தால்தானே. மளிகைக்கடைக்காரரிடம் மின்னணுத் தராசைக் கடன் வாங்கி வந்தோம். செம்புச் சொம்பை எடை போட்டோம். தளும்ப நிறைந்த அண்டாவில் அதை முக்கி, வழிந்த தண்ணீரைத் தாம்பாளத்தில் பிடித்து அதையும் எடை போட்டோம். முதல் நாள் தண்ணீர் தாம்பாளத்தைத் தாண்டிச் சிந்திக் கணக்கு தப்பிப்போனது. இரண்டாம் நாள் சொம்புக்குள் காற்று நின்றுவிட்டது. நான்காம் நாள், வழிந்த தண்ணீரைவிடச் சொம்பு எத்தனை மடங்கு கனம் என்பதற்கு விடை எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே வந்தது. மெழுகு ஏறக்குறைய தண்ணீர் அளவுக்குத்தான் கனம் என்பதையும் அவளே ஒரு மூடியில் உருக்கி ஊற்றிக் கண்டுபிடித்தாள். நான்கு நாள் வேறு ஒரு பாடமும் நடக்கவில்லை. எந்தப் பள்ளியாலும் ஒரு பிள்ளைக்காக இப்படி நான்கு நாளைக் கொடுக்க முடியாது.

இதற்கெல்லாம் விலை உண்டு. நான் வேலையை விட்டேன். மாதம் பதினான்காயிரம் ரூபாய் வருமானம் நின்றது. வீட்டுக் கல்விக்குச் செலவே இல்லை என்பவர்கள் அம்மாவின் சம்பளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மட்டுமில்லை, எனக்குப் பிடிக்காதது எல்லாம் அவளுக்கும் வராமல் போனது. எனக்கு வரைபடம் என்றால் அலுப்பு. பத்து வயதில் அவளுக்கு இந்திய வரைபடத்தில் ஒடிசா எங்கே என்று தெரியாது. எழுதுவதில் கட்டாயப்படுத்தவில்லை, அதனால் கை ஓடவில்லை.

கொரோனா வந்து 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது தெருவே எங்களிடம் யோசனை கேட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒன்றரை வருடம்தான் எங்களுக்கே மிகவும் மோசமான காலம். கோயில், கிளை நூலகம், பட்டறை, சந்தை எல்லாம் மூடிக்கிடந்தன. வீட்டுக் கல்வி வீட்டுக்குள் நடப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மகளும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருந்தோம். ஒருநாள் அவள் மொட்டைமாடியில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். யாரோடு என்று கேட்டேன். "உனக்குத் தெரியாத ஒருத்தியோடு" என்றாள். அவள் வாழ்க்கையில் எனக்குத் தெரியாதவர்கள் அப்படிக் கற்பனையில்தான் இருக்க முடிந்தது என்பது அன்று எனக்கு உறைத்தது.

பள்ளியில் சேர்க்கலாம் என்று முடிவு செய்ததற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அப்போது அரசுப் பள்ளியில் படித்த அதே ஏழு வருடத்தைத்தான் கேட்டது. என் மகள் மருத்துவர் ஆவாளா என்பது வேறு. நான் மூடும் கதவு எது என்று தெரிந்துகொண்டு மூட வேண்டும் அல்லவா?

சேர்ப்பது எளிதாக இல்லை. முதலில் போன பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் முடியவே முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது பள்ளியின் தலைமையாசிரியை பொறுமையானவர். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிக்கே போகாத குழந்தையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அவரே எங்களுக்கு எடுத்துச் சொன்னார். ஆனால் கணினியில் எமிஸ் எண், அதாவது ஒவ்வொரு பள்ளி மாணவருக்கும் உள்ள பதிவெண், கேட்டது. இதற்கு முன் எங்கே படித்தாள் என்ற கட்டத்தில் "வீடு" என்று போட வழியில்லை. அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அதுவரை வருகைப் பதிவேட்டின் கடைசியில் பென்சிலால் என் மகள் பெயரை எழுதி வைத்திருந்தார்கள்.

முதல் காலாண்டுத் தேர்வில் சமூக அறிவியலில் பாதித் தாளோடு வந்தாள். பதில் தெரியாமல் இல்லை. கை வலித்துவிட்டது, மணியும் அடித்துவிட்டது. "மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டுமா அம்மா?" என்று கேட்டாள். மணிக்குக் கட்டுப்படுவது பெரிய அறிவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது இல்லாமல் இந்த நாட்டில் ஒரு தேர்வும் எழுத முடியாது. அவளுக்கு அது பழக ஒரு வருடம் பிடித்தது.

ஏழாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடமே அளவீட்டியல். அடர்த்தி வந்தது. வரையறு என்ற கேள்விக்கு, ஒரே அளவு இடத்துக்குள் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பதே அடர்த்தி, மெழுகைவிடச் செம்புக்கு அது எட்டு மடங்குக்கும் மேல் என்று எழுதியிருந்தாள். இரண்டுக்கு ஒரு மதிப்பெண். கொதித்துப்போய்ப் பள்ளிக்குப் போனேன். ஆசிரியை கோபப்படவில்லை. "உங்கள் பெண்ணுக்குப் புரிந்திருப்பது எனக்குத் தெரியும் அம்மா. பத்தாம் வகுப்பில் தாள் திருத்தப்போகிறவருக்கு அவளைத் தெரியாதே. ஒரு கன அளவுக்கான நிறை என்ற சொற்களை எழுதப் பழகட்டும்" என்றார். நாற்பத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்ய முடியும்? ஆனாலும் அந்த ஒரு மதிப்பெண்ணின் வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் சொந்தச் சொற்களில் விடை எழுதுவதில்லை. அது நஷ்டம்தான்.

அதே பாடம் நடந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. மெழுகு, வண்டல், வார்ப்பு என்று மகள் வகுப்பில் கதை அளந்துகொண்டிருந்தபோது பக்கத்து இருக்கைப் பெண், "எங்கள் அப்பா அங்கேதான் வேலை செய்கிறார்" என்றிருக்கிறாள். சுவாமிமலையிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். வார்த்தெடுத்த சிலையை அரம் போட்டு வழவழப்பாக்குவது அவள் அப்பாவின் வேலை. மகள் அன்று சாயங்காலம் எங்களிடம் வந்து சொன்னவை நாங்கள் பட்டறையில் பார்த்தவை அல்ல. வார்ப்பு தப்பினால் அந்த வாரம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டார்களாம். அப்பாவின் நகக்கண்ணில் ஏறிய செம்புத் தூள் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதாம். கோயில் விழாக் காலத்தில் அவர் வீட்டுக்கு வரவே பாதி ராத்திரி ஆகுமாம்.

ஐந்து வருடம் நான் அவளை ஊரெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். பட்டறை, வெற்றிலைக் கொடிக்கால், பாத்திரத் தெரு என்று எல்லாம் பார்த்தாள். எல்லா இடத்திலும் நாங்கள் பார்க்க வந்தவர்கள். ஸ்தபதி எங்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார்; மூலையில் அரம் போட்டுக்கொண்டிருந்தவரிடம் நாங்கள் பேசவே இல்லை. அவர் இந்தப் பெண்ணின் அப்பாவாகவே இருந்திருக்கலாம். பள்ளியில்தான் அவர் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாள். நண்பர்களே கிடைக்க மாட்டார்கள் என்று வீட்டுக் கல்வியைக் குறை சொல்வார்கள். அது சரியில்லை, எங்களுக்கு நண்பர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லோரும் எங்களைப் போலவே புத்தகம் வாங்குகிற, எங்களைப் போலவே யோசிக்கிற குடும்பத்துப் பிள்ளைகள். நாங்கள் பொறுக்கியெடுத்தவர்கள்.

அரசுப் பள்ளியைப் புகழ்ந்து தள்ளுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் இரண்டு மாதம் கழிப்பறைக் குழாயில் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் சாயங்காலம்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் கூட்டத்துக்கு வருபவர்கள் ஏழெட்டுப் பேர். தீர்மானம் போட்டோம், மனு கொடுத்தோம், கடைசியில் ஒரு மாணவியின் அம்மா தன் தெருக் குழாய்க்காரரையே கூட்டிவந்து மோட்டாரைச் சரிசெய்தார். கணக்கு ஆசிரியை மாற்றலாகிப் போய் ஒரு பருவம் முழுக்க வேறு ஆள் வரவில்லை. அந்த மூன்று மாதம் மீண்டும் வீட்டில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பழைய தராசுக் கணக்கெல்லாம் அப்போது கைகொடுத்தது.

பத்தாம் வகுப்புவரை வீட்டிலேயே வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு வழி இருக்கிறது. 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதினான்கு வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம் போதும். வருடத்துக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு உண்டு. வீட்டுக் கல்வி கூடும் என்றோ கூடாது என்றோ கல்வி உரிமைச் சட்டம் பேசவில்லை. எங்களை ஐந்து வருடத்தில் ஓர் அதிகாரியும் வந்து கேட்கவில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் முழுநேரமும் இருக்க முடியாவிட்டால் இதில் இறங்காதீர்கள். சாயங்காலம் மட்டும் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் குழந்தையைத் தொலைக்காட்சியிடம்தான் ஒப்படைக்கிறார்கள்.

இந்த விவாதம் வந்தால் எங்கள் ஊரில் ராமானுஜனை இழுக்காமல் விட மாட்டார்கள். கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார், பார்த்தீர்களா என்பார் ஒருவர். டவுன் ஹைஸ்கூலில் பரிசு வாங்கியவர்தானே என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மை. உங்கள் பிள்ளையும் என் பிள்ளையும் ராமானுஜன் இல்லை என்பதும் உண்மை.

இளையவன் இப்போது மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அவனை வீட்டில் வைக்கவில்லை. நான் 2023இல் மறுபடியும் வேலைக்குப் போய்விட்டேன் என்பது ஒரு காரணம். வீட்டில் ரவா உப்புமா என்றால் ஓடி ஒளிகிறவன், பள்ளியின் காலை உணவில் அதே உப்புமாவை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறானாம். அவனுக்காகச் சனிக்கிழமை மட்டும் பழைய பாணியில் தராசையும் தாம்பாளத்தையும் எடுத்து வைக்கிறேன். அவனுக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. பந்து வேண்டும் என்கிறான்.

மகள் சனிக்கிழமைகளில் சுவாமிமலைக்கு, அந்தத் தோழியின் வீட்டுக்குப் போய்விடுகிறாள். போன வாரம் இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தாள். சுடிதார் முழுக்க மண். விரல் நுனியில் ஏதோ கருப்பு. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ஒன்றும் இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். வெகு நேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.