இரண்டு நாள், ஓவியமும் விருந்தும்: மாட்ரிட்டா, பாரிஸா?

கையில் இருப்பது இரண்டே நாள். நல்ல ஓவியங்களை அவசரமில்லாமல் நின்று பார்க்க வேண்டும், ஒரு வேளையாவது பெரிய சமையல் கலைஞர் ஒருவரின் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்டால், பெரும்பாலானோர் யோசிக்காமல் பாரிஸ் என்பார்கள். நான் மாட்ரிட் என்பேன். பாரிஸில் ஓவியத்துக்கோ சமையலுக்கோ பஞ்சம் என்பதால் அல்ல. விஷயம் நேரத்தில் இருக்கிறது.

அப்படிப்பட்ட உணவகங்களில் டேஸ்டிங் மெனு, அதாவது சமையல் கலைஞரே தேர்ந்து தரும் சிறுசிறு தட்டுகளின் வரிசை, பத்துத் தட்டுக்குக் குறையாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உட்கார்ந்து எழ மூன்று மணி நேரம் ஆகிவிடும். பெரிய அருங்காட்சியகமும் ஏறக்குறைய அதே நேரத்தைக் கேட்கும். இரண்டும் ஒரே பகலுக்குப் போட்டி போடுகின்றன. அதனால் எந்த ஊர் பெரிய ஊர் என்று பார்ப்பதைவிட, எங்கே சமையலறையின் நேரமும் அருங்காட்சியகத்தின் நேரமும் ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மாட்ரிட்டில் அது இயல்பாகவே அமைகிறது. அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிவாக்கில்தான் தொடங்கும். அங்குள்ள பெரிய ஓவிய அருங்காட்சியகமான பிராடோ காலை 10 மணிக்குத் திறக்கிறது. நுழைந்தால் முழுதாக மூன்றரை மணி நேரம் கிடைக்கும். அப்புறம் சாப்பிட உட்கார்ந்து ஐந்து மணிக்கு எழுந்தாலும் பகல் முடிந்துவிடவில்லை. நவீன ஓவியங்களுக்கான ரெய்னா சோபியா அருங்காட்சியகம் இரவு 9 வரை திறந்திருக்கும், பிராடோவிலிருந்து நடந்தே போய்விடலாம். மூன்றாவது அருங்காட்சியகமான திசென் பிராடோவுக்கு எதிரிலேயே இருக்கிறது. டாக்சி, மெட்ரோ எதுவும் தேவையில்லை. சிறிய பயணத்தில் இந்த மிச்சம் பெரிய மிச்சம்.

பிராடோவில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு: படம் எடுக்கக் கூடாது. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்க்வெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ முன்னால் கூட்டம் இருந்தாலும், யாரும் போனைத் தூக்கிப் பிடித்து மறைப்பதில்லை. அருகில் போய் இளவரசி மார்கரிட்டாவின் உடையைப் பாருங்கள். சாம்பலும் வெள்ளையும் சிவப்பும் தீற்றல் தீற்றலாகத்தான் தெரியும், உடை என்றே சொல்ல முடியாது. அப்படியே பத்தடி பின்னால் வாருங்கள். அதே தீற்றல்கள் வெள்ளிச் சரிகை போட்ட பட்டாக மாறி நிற்கும். இதை முன்னும் பின்னும் நடந்து நான்கைந்து முறை பார்க்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும். அடுத்து இன்னொரு ஸ்பானிய ஓவியரான கோயாவின் கறுப்பு ஓவியங்கள். தன் வீட்டுச் சுவர்களில் அவர் வரைந்தவை, பின்னாளில் துணிக்கு மாற்றப்பட்டவை. அதில் ஒரு நாய், தலை மட்டும் தெரிய, மேலே வெறும் வெளியை அண்ணாந்து பார்க்கிறது. அந்தப் படத்துக்கு அப்புறம் வேறெதையும் பார்க்காமல் நேராகச் சாப்பிடப் போவது நல்லது.

சரி, பாரிஸ். அங்கே மதிய உணவு பன்னிரண்டரைக்கே தொடங்கிவிடும். மோனாலிசா இருக்கும் லூவ்ர் அருங்காட்சியகம் 9 மணிக்குத் திறந்தாலும், பாதுகாப்புச் சோதனையும் கூட்டமும் கழிந்தால் காலையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். விருந்து முடிந்து மூன்றரைக்குத் திரும்பினால் 6 மணிக்கு மூடிவிடுவார்கள். மோனாலிசா 77க்கு 53 செ.மீ. மட்டுமே. கண்ணாடிக்குப் பின்னால், பெருங்கூட்டத்தின் தலைகளுக்கு மேலாக அதை எட்டிப் பார்த்ததை ஓவியம் பார்த்ததாக என்னால் கணக்கில் வைக்க முடியாது. டிக்கெட்டும் ஏறிவிட்டது: 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு லூவ்ர் கட்டணம் 32 யூரோ. மாட்ரிட்டிலோ பிராடோவின் கடைசி இரண்டு மணி நேரம் எல்லோருக்கும் இலவசம். வரிசை நீளமாக இருக்கும், ஆனால் பார்த்த ஓவியத்தை இன்னொரு முறை பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

பாரிஸைக் காப்பாற்றுவது இரவுத் திறப்பு. வியாழக்கிழமை ஓர்சே என்ற இன்னொரு அருங்காட்சியகம் 9.45 வரை, வெள்ளிக்கிழமை லூவ்ர் 9 வரை. ஆகவே பாரிஸ்தான் என்று முடிவு செய்துவிட்டால் வியாழன், வெள்ளியில் போங்கள். பெரிய உணவகங்கள் பலவும் சனி ஞாயிறு மூடியிருக்கும் என்பதாலும் அதுவே சரி. விருந்தை மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல உணவகங்களில் மதிய மெனு இரவு மெனுவைவிடக் கணிசமாக மலிவு, சமைப்பவர்களோ அதே ஆட்கள்.

மாட்ரிட்டுக்கு என்றால் வெள்ளி, சனி. ஞாயிறன்று ரெய்னா சோபியா பிற்பகல் 2.30க்கே மூடிவிடும், செவ்வாயன்று திறப்பதே இல்லை. லூவ்ருக்கும் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்குத் திங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் தீர்ப்பைத் தயங்காமல் மாற்றிக்கொள்வேன். நீங்கள் சைவம் என்றால் பாரிஸுக்கே போங்கள். ஸ்பெயினின் பெரிய சமையல் மீனையும் பன்றித் தொடைக்கறியையும் சுற்றியே நிற்கிறது. முன்கூட்டிச் சொன்னால் சைவத் தட்டுகள் தரும் இடங்கள் உண்டு, ஆனால் அவை மாற்று ஏற்பாடுதான். பாரிஸின் அர்ப்பேஜ் உணவகம் வேறு கதை. 1996இல் மிஷலின் உணவக வழிகாட்டியின் மிக உயர்ந்த மதிப்பான மூன்று நட்சத்திரம் பெற்ற அதன் சமையல் கலைஞர் அலென் பசார், 2001இல் மாட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியை விலக்கினார். 2025இல் மீன், முட்டை, பால், வெண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். தேன் மட்டும் உண்டு. காய்கள் அவருடைய சொந்தத் தோட்டங்களிலிருந்து வருகின்றன. கெட்டியான உப்புக் கூட்டுக்குள் முழு பீட்ரூட்டை வைத்து வேகவைப்பது அவருடைய பெயர்பெற்ற முறை. கூட்டை உடைத்தால் உள்ளே தன் சாற்றிலேயே வெந்த கிழங்கு. காய்கறியைத் துணைக்கு வைக்காமல் நாயகமாக வைக்கும் அந்தத் துணிச்சலுக்காகவே இவ்வளவு தூரம் போகலாம். விலை மிக அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே தெருவில், ஏறக்குறைய எதிரிலேயே ரோடான் அருங்காட்சியகம். சிற்பி ரோடான் தங்கி வேலை செய்த மாளிகை அது, 1919இலிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ‘சிந்தனையாளர்’ சிலை தோட்டத்தில், மரங்களுக்கு நடுவே. காலையில் இரண்டு மணி நேரம் அங்கே, பிறகு தெருவைக் கடந்தால் மேசை. மாட்ரிட்டின் வசதிக்குப் பாரிஸ் ஈடுகொடுப்பது இந்த ஒரு தெருவில்தான்.

வியன்னாவைக் கேட்பவர்களும் உண்டு. பழைய ஓவியர் பிரூகல் மேல் காதல் இருந்தால் அதற்கு ஈடான ஊர் இல்லை, அவருடைய ஓவியங்கள் வேறெங்கும் இத்தனை ஒரே இடத்தில் இல்லை. ஆனால் அங்கும் ஸ்டைரரெக் போன்ற பெரிய உணவகம் வார இறுதியில் மூடியிருக்கும்.

ஊர் எதுவானாலும் முதலில் உணவகத்தில் இடம் பிடியுங்கள், அப்புறம்தான் விமான டிக்கெட். அருங்காட்சியகத்துக்கு முந்தின நாள்கூட டிக்கெட் கிடைத்துவிடலாம், நல்ல உணவகத்தில் அது நடக்காது. மதிய விருந்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின் என்று தருவார்கள். மாட்ரிட்டில் அதை வாங்காதீர்கள், ஒரு கோப்பை போதும். சாயங்காலம் ரெய்னா சோபியாவில் பிக்காசோவின் ‘குவெர்னிகா’ முன்னால் நிற்க வேண்டும். ஏழே முக்கால் மீட்டர் அகல ஓவியம் அது, தெளிந்த தலையோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்து பார்க்க வேண்டியது.