உப்புக் காற்றுக்கு ஃபெல்ட் தாங்குமா? சாப்பாட்டு மேசை அலங்காரம், தங்கச்சிமடத்து அனுபவம்

தாங்கும். எந்த ஃபெல்ட் துணி வாங்குகிறோம், அதை எதை வைத்துக் கோக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வேண்டியதைச் சில வருடங்களாக ஃபெல்ட்டில் நானே செய்கிறேன். கீழக்கரையில் இருக்கும் தோழிக்கு ரமலானுக்கும் செய்து கொடுக்கிறேன். கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்கள் சொல்லும் யோசனைகள் பல கடற்கரைக்கு ஒத்துவருவதில்லை. அதனால் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் தங்கச்சிமடத்தில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டுக்கும் தெர்மகோல் தட்டுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகுதான் துணி வகைகள் பக்கம் என் கவனம் போனது. ஃபெல்ட்டில் பாவும் ஊடும் கிடையாது, இழைகள் சிக்கிக்கொண்டு நிற்பதுதான் அந்தத் துணியே. அதனால் எந்த வடிவத்தில் வெட்டினாலும் ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கவும் வேண்டாம். தையல் அவ்வளவாக வராதவர்களும் துணிந்து இறங்கலாம்.

கடையில் ஃபெல்ட் ஷீட் என்று கேட்டால் ஏ4 அளவில் எடுத்துத் தருவது பெரும்பாலும் பாலியஸ்டர். ராமநாதபுரத்தில் எனக்குக் கிடைத்தது 1 மில்லிமீட்டர் கனம்தான். பூ, இலை, நட்சத்திரத்துக்கு அது போதும். டம்ளருக்கும் தட்டுக்கும் அடியில் வைக்க 3 மில்லிமீட்டர் வேண்டும், அதை மதுரைக்குப் போகும்போது வாங்கி வருகிறேன். ஆட்டு ரோமத்தில் செய்த கம்பளி ஃபெல்ட் பல மடங்கு விலை. பார்வைக்கு அதுதான் அழகு, வெட்டிய ஓரம் கத்தியாக நிற்கும், நெருப்பும் சீக்கிரம் பிடிக்காது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வீட்டுக் காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடுகிறது. ஒரு வாடை வரும், பூச்சியும் தேடி வரும். பாலியஸ்டர் ஈரத்தை வாங்குவதில்லை. அதனால் குழம்பு சிந்தும் இடத்தில் பாலியஸ்டர், நிமிர்ந்து நிற்க வேண்டிய உருவங்களுக்கு மட்டும் கம்பளி என்று பிரித்துக்கொண்டேன். இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

துணியை விடத் தொந்தரவு இரும்பு. குண்டூசி, கம்பி, சேஃப்டி பின், ஸ்டேப்ளர் எதுவுமே உள்ளே இருக்கக் கூடாது. ஒரு மழைக்காலம் போதும், வெள்ளை நட்சத்திரத்தின் நடுவில் பழுப்பாக ஒரு துரு வட்டம் வந்துவிடும், எதைப் போட்டுத் துவைத்தாலும் போகாது. கம்பிக்குப் பதில் தென்னை ஈர்க்கு வைக்கிறேன். காய்ந்த ஈர்க்கைச் சீவி, நுனியை மழுக்கி இரண்டு ஃபெல்ட்டுக்கு நடுவில் வைத்துத் தைத்தால் இலையும் நட்சத்திரமும் விறைப்பாக நிற்கும். குளூ கன்னில் ஒட்டியவை எங்கள் வெயிலுக்கு இளகிக் கழன்றன. வெள்ளைப் பசை 1 மில்லிமீட்டர் துணியில் ஊறி மறுபக்கம் கறையாகக் காய்ந்தது. நூல்தான் கடைசிவரை நிற்கிறது. எம்ப்ராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டை மட்டும் பிரித்து, ஓரத்தைச் சுற்றிப் போர்வைத் தையல் (பிளாங்கெட் ஸ்டிச்) போட்டால் போதும்.

அடுத்தது காற்று. டிசம்பரில் வாடைக் காற்று அடிக்கும்போது ஜன்னல் திறந்திருந்தால் மேசையில் இருப்பதெல்லாம் தரையில் கிடக்கும். அடியில் கனம் வைக்க வேண்டும். கடல் மணல் ஆகாது, அதிலிருக்கும் உப்பு ஈரத்தை இழுத்துத் துணியை நனைத்துக்கொண்டே இருக்கும். அரிசி போட்டால் வண்டு. வலையில் கட்டும் ஈயக்குண்டைச் சிலர் சொன்னார்கள், சாப்பிடும் இடத்தில் ஈயம் வேண்டவே வேண்டாம். கண்ணாடிக் கோலிக்குண்டு இரண்டை உள்ளே வைத்துத் தைப்பதுதான் எனக்குச் சரியாக வந்தது.

நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் வரும் திருவருகைக் காலத்துக்கான வளையம். விசைப்படகில் கழித்துப்போட்ட தடித்த கயிற்றை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பு போகும்வரை அலசிக் காயவைத்தேன். அதை வட்டமாகக் கட்டினால் அசையவே அசையாது. அதன் மேல் பச்சை ஃபெல்ட் இலைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி தைத்தேன். ஃபெல்ட் மெழுகுத்திரிகள் நான்கு, மூன்று ஊதா, ஒன்று ரோஸ். 10 சென்டிமீட்டர் அகலக் கம்பளிப் பட்டையை இறுக்கிச் சுருட்டி, ஓரத்தைத் தைத்தால் திரி ஆயிற்று. சுடருக்கு மஞ்சளில் இரண்டு துளி வடிவம், நடுவில் ஈர்க்கு. ஞாயிறுதோறும் ஒரு சுடரைத் திரியின் நடுவில் குத்துவோம். மூன்றாவது ஞாயிறு ரோஸ் திரிக்கு. எங்கள் மதினிதான், "நிசத் திரி வைக்காத, காத்துல சாஞ்சு துணியில பட்டா என்ன செய்வ?" என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. பாலியஸ்டர் நெருப்பில் உருகி ஒட்டும், தோலில் பட்டால் பெரிய புண்ணாகிவிடும். ஃபெல்ட் இருக்கும் மேசையில் நிஜ மெழுகுத்திரி ஏற்றாதீர்கள். இப்போது குத்தும் வேலை முழுக்கப் பிள்ளைகளுடையது, யார் முறை என்று சண்டையே நடக்கும்.

கீழக்கரைத் தோழிக்கு மேசை அலங்காரம் உதவாது. அவர்கள் வீட்டில் விருந்து என்றால் கீழே விரிப்பு போட்டு, பலர் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்காருவார்கள். அவளுக்கு நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தின் அடியில் வைக்கப் பிறை வடிவத் துண்டுகள் செய்தேன். கஞ்சியின் சூட்டை 3 மில்லிமீட்டர் பாலியஸ்டர் நன்றாகத் தாங்குகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை மட்டும் அதன் மேல் வைக்கக் கூடாது.

மீன் குழம்புக் கறைக்கு ஒரு வார்த்தை. முதலில் எண்ணெய் போகச் சோப்புப் போட்டுப் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். மீதி நிற்கும் மஞ்சளை வெயில் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதே வெயில் துணியின் சாயத்தையும் வெளுக்கும் என்பதால் மஞ்சள் மறைந்ததும் எடுத்துவிடுங்கள். கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும். சிவப்பு வாங்கினால் நனைத்த வெள்ளைத் துணியால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள், சாயம் இறங்கினால் தட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் டப்பாவில் படுக்கையாக, காய்ந்த வேப்பிலையோடு வைக்கிறேன். பாச்சை உருண்டை வாசனை சாப்பாட்டு மேசைக்கு வரக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விருந்து மேசையில் நிஜப் பவளத் துண்டையும் காய்ந்த கடல் குதிரையையும் அழகுக்கு வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் நம் வாசலில் இருக்கும்போது நாமே அதைச் செய்வது எனக்கு மனம் ஒப்பவில்லை. கடல் குதிரை, நட்சத்திர மீன், கிளை விட்ட பவளம் எல்லாமே ஃபெல்ட்டில் அருமையாக வரும். ஆரஞ்சு 3 மில்லிமீட்டரில் வெட்டிய பவளக் கிளை எங்கள் ஈஸ்டர் மேசையில் இன்னும் நிற்கிறது. பாலியஸ்டரும் பிளாஸ்டிக்தான், அதனால் வெட்டியதில் மிஞ்சும் தூள் துண்டு ஒன்றையும் கடற்கரைப் பக்கம் போக விடாமல் மீன் பொம்மைகளுக்குள் அடைத்துவிடுகிறேன்.

திருவருகைக் காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில் தொடங்கிவிடும். அப்போது கடைக்குப் போனால் சிவப்பும் பச்சையும்தான் அடுக்கியிருப்பார்கள். ஊதாவும் ரோஸும் வேண்டுமென்றால் மழை பிடிப்பதற்குள், அக்டோபர் முதல் வாரத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.