கேமரா குழுவில் நுழைய நான்கு வழிகள்: எது யாருக்கு?

கேமரா குழு என்றதும் பலருக்கும் ஒளிப்பதிவாளர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் புதிதாக வருபவருக்கு வேலை தருவது பெரும்பாலும் அவர் இல்லை. அவருக்குக் கீழே கேமரா ஆபரேட்டர் இருப்பார். ஃபோகஸ் இழுப்பது, அதாவது நடிகர் நகர நகரக் கூர்மை மாறாமல் லென்ஸைத் திருப்புவது, முதல் உதவியாளர். லென்ஸ் கொண்டு வருவது, க்ளாப் அடிப்பது, கேமரா ரிப்போர்ட் எழுதுவது என்று ஓடிக்கொண்டே இருப்பவர் இரண்டாம் உதவியாளர். பேட்டரி, மானிட்டர், கேபிள் எல்லாம் ட்ரெய்னியின் பொறுப்பு. தனி மேசையில் உட்கார்ந்து, படம் பதிவான மெமரி கார்டுகளைக் காப்பி எடுப்பவர் டேட்டா ஆள். ட்ரெய்னி இடத்துக்கு ஆள் பிடிப்பது வழக்கமாக உதவியாளர்கள்தான். இது தெரியாமல் ஒளிப்பதிவாளர்களுக்கே எழுதி எழுதிச் சோர்ந்து போனவர்கள் நிறையப் பேர்.

உள்ளே வர நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு: கேமரா உபகரணங்களை வாடகைக்குத் தரும் நிறுவனம், படப்பிடிப்பில் நேரடி ட்ரெய்னி, திரைப்படக் கல்லூரி, டேட்டா வேலை. நான்கையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம்: தவறு செய்து திருத்திக்கொள்ள எங்கே இடம் இருக்கிறது? லென்ஸுக்குப் பொருந்தாத மேட் பாக்ஸ் வளையம் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் வெளிச்சத் தடுப்புப் பெட்டியை அதனோடு பொருத்துவது) வந்திருக்கிறது என்று படப்பிடிப்பில் தெரிந்தால் மொத்த யூனிட்டும் காத்து நிற்கும். வாடகை நிறுவனத்தின் மேசையில் தெரிந்தால், எழுந்து போய் அலமாரியிலிருந்து சரியானதை எடுத்து வந்துவிடலாம்.

வாடகை நிறுவனம்

உதவியாளராக வர நினைக்கும் பெரும்பாலானவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

போனவுடன் கேமராவைத் தொட விடமாட்டார்கள். கேபிள் சுற்றுவது, பெட்டி துடைப்பது, படப்பிடிப்பு முடிந்து திரும்பிய பொருட்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு எடுத்து வைப்பது என்றுதான் முதல் சில மாதங்கள் போகும். அலுப்பான வேலைதான். ஆனால் எந்தப் பொருள் எப்படிக் கெடுகிறது என்பது திரும்பி வரும் பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியும். கேபிள் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. இறுக்கிச் சுற்றியதால் கனெக்டருக்கு ஒட்டிய இடத்தில்தான் உள்ளே கம்பி அறும். ட்ரைபாட் பூட்டு வழுக்கினால், காலுக்குள் மண் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அங்கே கற்கும் பாடங்களில் ஒன்றை மட்டும் அருகில் பார்ப்போம். கேமராவின் எஸ்டிஐ வெளியீடு (மானிட்டருக்குப் படத்தை அனுப்பும் இணைப்பு) எரிந்துபோவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் சேதம். காரணம் பல நேரம் செருகும் வரிசைதான். மானிட்டரும் கேமராவும் ஒரே பேட்டரியில் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிஐ கேபிளை முதலில் மாட்டிவிட்டுப் பிறகு மானிட்டருக்குப் பவர் செருகுகிறீர்கள். பவர் கனெக்டரில் பாசிட்டிவ் பின் தொட்டு, நெகட்டிவ் இன்னும் சேராத அந்த ஒரு கணத்தில் மின்னோட்டம் திரும்பிப் போக வேறு வழியில்லாமல் எஸ்டிஐ கேபிளின் உறை வழியாகக் கேமராவுக்குள் பாயும். சர்க்யூட் போய்விடும். அதனால் மாட்டும்போது முதலில் பவர், பிறகு எஸ்டிஐ. கழற்றும்போது முதலில் எஸ்டிஐ, பிறகு பவர். கேமரா தயாரிக்கும் ஆரி நிறுவனமே இப்படி அறிவுறுத்துகிறது. வாடகை நிறுவனத்தில் இதை நாளுக்கு இருபது முறை செய்வீர்கள். பிறகு கை தவறாது.

அடுத்தது ப்ரெப். படப்பிடிப்புக்கு முன் உதவியாளர்கள் வந்து எல்லாவற்றையும் பொருத்திச் சோதிக்கும் நாட்கள் அவை. சென்சாரில் தூசி இருக்கிறதா என்று பார்க்க, லென்ஸின் ஐரிஸை (ஒளி புகும் துவாரத்தை) எஃப்22 வரை, அதாவது மிகச் சிறிதாக மூடி, சீரான ஒளி விழும் வெள்ளைப் பரப்பை ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு லென்ஸ் அளவுக்குறிகள் சரிதானா என்ற சோதனை. பிஎல் மவுண்டில் (சினிமா லென்ஸ்களைக் கேமராவில் மாட்டும் ஒரு வகைப் பொருத்துமுகம்) லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் சென்சாருக்கும் இடையே 52.00 மி.மீ. இருக்க வேண்டும். நூறில் ஒரு பங்கு மி.மீ. அளவில் பிசகினாலும் வைட் லென்ஸில் காட்டிக்கொடுத்துவிடும். ஐரிஸை முழுதாகத் திறந்து, சென்சார் தளக் குறியிலிருந்து டேப்பால் அளந்து சார்ட்டை வைத்து, கூர்மையாகத் தெரியும் இடம் லென்ஸின் குறியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எல்லா லென்ஸும் ஒரே பக்கம் தள்ளினால் கோளாறு கேமராவின் மவுண்டில். ஒன்று மட்டும் தள்ளினால் அந்த லென்ஸில். இப்படிக் காரணம் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை ஏட்டில் படித்து வரவழைக்க முடியாது.

இன்னொரு லாபம், ப்ரெப்புக்கு வரும் உதவியாளர்கள் நாள் முழுக்க உங்கள் கைவேலையைப் பார்க்கிறார்கள். கேட்பதற்கு முன் சரியான கேபிளை நீட்டிய பையனை, பெண்ணை அவர்கள் மறப்பதில்லை. ட்ரெய்னி ஒருவர் திடீரென்று வராமல் போனால் முதலில் அந்த முகம்தான் ஞாபகம் வரும்.

குறை என்ன? மாதச் சம்பளம் பழகிவிடும்; ஆண்டுகள் ஓடிவிடும். படப்பிடிப்பில் எங்கே நிற்க வேண்டும், எப்போது பேசக் கூடாது என்ற நடைமுறையும் இங்கே வராது. எங்கள் கணக்கில் ஒன்றரை ஆண்டு போதும். கிளம்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு அடையாளம் உண்டு: உபகரணப் பட்டியலை வாசித்ததுமே எது விடுபட்டிருக்கிறது என்று கண்ணில் பட வேண்டும். மாஸ்டர் பிரைம் என்ற லென்ஸ் வரிசைக்கு முன்விட்டம் பெரும்பாலும் 114 மி.மீ., அல்ட்ரா பிரைம் வரிசைக்குப் பெரும்பாலும் 95 மி.மீ. இரண்டும் கலந்த பட்டியலில் மேட் பாக்ஸுக்கு ஒரே ஒரு வளையம்தான் எழுதியிருக்கிறது என்றால், அது உங்களை உறுத்த வேண்டும். உறுத்தினால் நீங்கள் தயார்.

நேரடியாக ட்ரெய்னி

நான்கில் வேகமான வழி இது. தவறுக்கு அதிகம் இடம் தராத வழியும்கூட. தொடக்கத்தில் பேட்டரிதான் உங்கள் உலகம். சார்ஜ் ஆனது எது, தீர்ந்தது எது என்று பார்த்தவுடன் தெரியும்படி டேப் ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த லொக்கேஷனுக்குக் கேமரா போய்ச் சேரும்போது மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

லென்ஸ் கைமாறும் நொடியைக் கவனித்தாலே இந்த வேலையின் ஒழுங்கு புரிந்துவிடும். கொண்டு வருபவர் பின்மூடியை முன்பே தளர்த்தி வைத்திருப்பார். ஐரிஸ் முழுதாகத் திறந்திருக்கும். முதல் உதவியாளர் பிடித்தவுடன் விடுவதில்லை. "பிடிச்சாச்சா?" "பிடிச்சாச்சு." அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் விரல் விலகும். ஒரே சமயத்தில் இரண்டு லென்ஸைத் தூக்கி வந்து நேரம் மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள்தான் ஒருநாள் கீழே போடுகிறார்கள்.

க்ளாப் அடிப்பதும் பார்க்கத்தான் எளிது. போர்டு ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும், ஃபோகஸில் இருக்க வேண்டும், எழுத்து பளபளக்காமல் தெரிய வேண்டும். நடிகரின் முகத்துக்கு அருகே அடிக்கும்போது சத்தம் மெல்லியதாக இருக்க வேண்டும். காட்சி எண்ணோடு ஆங்கில எழுத்து சேர்க்கும் முறையில் ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவார்கள். 1 என்றும் 0 என்றும் எடிட்டிங்கில் குழப்பம் வந்துவிடும். ஷாட் முடிவில் அடித்தால் போர்டைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும்.

இந்த வழியில் சிக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, கூலி. எத்தனை நாள், எத்தனை மணி நேரம், சாப்பாடும் போக்குவரத்தும் யார் பொறுப்பு என்பதை ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர்களின் குறும்படத்துக்குச் சும்மா உழைக்கலாம்; லாபத்துக்கு எடுக்கப்படும் படத்துக்கு "அனுபவம் கிடைக்குமே" என்ற பேச்சை ஏற்கத் தேவையில்லை. இரண்டாவது, பேட்டரி ஆளாகவே நின்றுபோவது. மூன்று படம் முடிந்தும் க்ளாப் உங்கள் கைக்கு வரவில்லை என்றால், மதிய இடைவேளையில் இரண்டாம் உதவியாளரிடம் நேராகக் கேளுங்கள்: "நாளைக்கு ஒரு காட்சிக்கு நான் அடிக்கட்டுமா?" கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

திரைப்படக் கல்லூரி

ஒளிப்பதிவாளராகத்தான் வர வேண்டும் என்ற உறுதி உள்ளவருக்கு இது பொருந்தும். ஒளியை வைத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் கலைத்து மறுபடி வைக்க நேரம் கிடைக்கும் ஒரே இடம் இது. உடன் படிப்பவர்கள் நாளை இயக்குநர்களாக, எடிட்டர்களாக வருவார்கள். அந்த உறவின் மதிப்பு பெரியது.

உதவியாளர் வேலைக்கு இது சுற்றுவழி. படித்து முடித்தவரும் பெரும்பாலும் ட்ரெய்னியாகத்தான் தொடங்க வேண்டியிருக்கும், அது சிலருக்குக் கசக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும்போதே மற்றவர்களின் படங்களுக்கு ஃபோகஸ் இழுத்தால் கணக்கு மாறும். சூப்பர் 35 (சினிமாவில் வழக்கமான ஓர் அளவு) சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், டி2 (ஐரிஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஆள் 2 மீட்டர் தூரத்தில் என்றால் கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தம் சுமார் 16 செ.மீ. 85 மி.மீ. லென்ஸில் டி1.4 என்றால் அதே தூரத்தில் 4 செ.மீ.தான். நடிகர் மூச்சு விட்டுச் சற்று முன்னே சாய்ந்தாலே கண் மங்கிவிடும். இதில் கை பழக நூறு டேக் வீணாக வேண்டும், அவை கல்லூரிப் படங்களில் வீணாகட்டும்.

ஃபிலிம் கேமரா வைத்திருக்கும் கல்லூரி என்றால் இன்னும் நல்லது. 400 அடி ஃபிலிம், நொடிக்கு 24 பிரேமில், 16 மி.மீ.யில் சுமார் 11 நிமிடம் ஓடும், 35 மி.மீ.யில் பிரேமுக்கு நான்கு துளை (பெர்ஃப்) என்ற முறையில் நான்கரை நிமிடம்கூட வராது. வீணான ஃபிலிமை வைத்து, கறுப்புப் பைக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே மேகஸினில் (கேமராவில் மாட்டும் ஃபிலிம் பெட்டியில்) ஃபிலிம் ஏற்றப் பழகியவர்கள் இன்று குறைவு.

சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்? கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியே போனவர்கள் இப்போது எந்தக் குழுக்களில் வேலை செய்கிறார்கள்?

டேட்டா வேலை

கணினி தெரிந்தவர்களுக்கு இது எளிதான கதவாகத் தோன்றும். கதவு எளிது, பொறுப்பு பெரிது. மற்ற தவறுகளை இன்னொரு டேக்கில் சரி செய்துவிடலாம்; காப்பி ஆகாத கார்டை ஃபார்மேட் செய்துவிட்டால் அந்த நாளே போய்விடும். அதனால் முதல் வேலையாக இதைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1 டெராபைட் கார்டு, நொடிக்கு 800 மெகாபைட் வேகத்தில் காப்பி ஆனால் 21 நிமிடம். தயாரிப்பு நிறுவனம் மலிவாகக் கொடுத்த சுழலும் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150 மெகாபைட்தான் எழுதும் என்றால் அதே வேலை 1 மணி 51 நிமிடம். சரிபார்க்க மறுபடி படிப்பதற்கு இன்னும் அவ்வளவு நேரம். காலையில் நான்கு கார்டு நிரம்பினால் இரவு யார் வீட்டுக்குப் போவது? டிஸ்க் வாங்கும் முன்பே இந்தக் கணக்கைச் சொல்பவர்தான் நல்ல டேட்டா ஆள்.

ஃபைல்களை இழுத்துப் போட்டுக் காப்பி எடுக்கக் கூடாது. காப்பி சரியாக விழுந்ததா என்று அது சோதிப்பதில்லை. செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிடும் மென்பொருள் வேண்டும். குறைந்தது இரண்டு தனித்தனி டிஸ்கில் சரிபார்த்த காப்பி இருந்தால்தான் கார்டு திரும்பப் போக வேண்டும். ஃபார்மேட் செய்யும் உரிமை யாராவது ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும்.

இந்த வழி டிஐடி (படப்பிடிப்பிலேயே டிஜிட்டல் படத்தின் தரத்தையும் நிறத்தையும் கவனிப்பவர்), கலரிங், படப்பிடிப்புக்குப் பிந்தைய போஸ்ட் வேலைகள் பக்கம் கொண்டு போகும். படம் முழுவதையும் பார்ப்பீர்கள், ஆனால் கேமராவிலிருந்து தள்ளியே இருப்பீர்கள். ஃபோகஸ் இழுக்க ஆசைப்பட்டு இங்கே உட்கார்ந்தவர்கள் திரும்பி வரச் சிரமப்படுகிறார்கள்.

எங்கிருந்து கிளம்பினாலும்

படிக்க நேரமும் வசதியும் இருந்து, ஒளிப்பதிவுதான் குறி என்றால் கல்லூரி. படத்தைவிடக் கணினியில் மனம் லயிக்கிறது என்றால் டேட்டா, அதுவும் அனுபவசாலி ஒருவருக்குக் கீழே. மற்றவர்களுக்கு வாடகை நிறுவனம், பிறகு ட்ரெய்னி. வாடகை நிறுவனம் எட்டாத தூரத்தில் இருந்தால் நேரடியாக ட்ரெய்னி.

எந்த வழியானாலும் கடைசியில் இரண்டாம் உதவியாளர் ஒருவருக்குச் செய்தி அனுப்ப வேண்டி வரும். சினிமா மேல் உங்களுக்குள்ள காதலை அதில் எழுத வேண்டாம். பெயர், இருக்கும் இடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓய்வு, எந்தக் கேமராவையெல்லாம் நீங்களே பொருத்தியிருக்கிறீர்கள், வண்டி ஓட்டத் தெரியுமா. ஐந்து வரி. பதில் வராவிட்டால் ஆறு வாரம் கழித்துத் தேதியை மட்டும் மாற்றி மறுபடி அனுப்புங்கள். ஆள் தேவைப்படும் காலையில் அவர் போனில் மேலே இருக்கும் பெயருக்குத்தான் அழைப்பு போகும்.