பனங்கொட்டையும் கோடு போட்ட கொப்பியும்

இரணைமடுத் தண்ணீர் பாயும் எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கு இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. விடியற்காலையில் வான் வண்டியில் ஏற்றிக் கிளிநொச்சி நகரத்து ஆங்கில நேசறிக்கு அனுப்பலாம். சந்தியில் இருக்கும் ஊர் முன்பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகலாம். இரண்டும் வேண்டாம் என்றால், முதலாம் தரம் வரை வீட்டு வளவிலேயே விட்டு வளர்க்கலாம். முதலாவது வழியை என் மூத்தவளோடு பார்த்தேன், மூன்றாவதை இளையவனோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவதில் அக்காவின் மகன் போய்வந்தான். தராசு என் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை கல்வி கட்டாயம். 2016க்கு முன்னர் அந்த மேல் எல்லை 14 ஆக இருந்தது. ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்கும் பிள்ளை முதலாம் தரத்துக்குப் போகும். வெளிநாட்டு உறவினர்கள் தொலைபேசியில் சொல்கிற, பள்ளிக்கூடமே மிதிக்காத வீட்டுக்கல்வி என் பேச்சில் இல்லை. முதலாம் தரத்துக்கு முந்திய இரண்டு, இரண்டரை வருடங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நகரத்து நேசறியில் தொடங்குகிறேன். ஆறே முக்காலுக்கு வான் வரும். பாதித் தூக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சப்பாத்தும் காலுறையும் மாட்டி, இந்த வெய்யிலில் அனுப்ப வேண்டும். நான்கு வயதில் மூத்தவள் ஆங்கில எழுத்து இருபத்தாறையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஆப்பிளின் ஆங்கிலப் பெயரும் தெரியும். வேலியோரம் உதிர்ந்து கிடந்த பாலைப்பழத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டபோது விழித்தாள். வீட்டுவேலை என்று நான்கு கோட்டுக் கொப்பியில் ஒரே எழுத்தை ஒரு பக்கம் நிரப்பி வரச் சொல்வார்கள். பென்சிலை முறியும்படி அழுத்துவாள், விரல் நோகிறது என்று அழுவாள். சோம்பல் என்று நினைத்து நானும் அதட்டினேன். பிறக்கும்போது மணிக்கட்டு வெறும் குருத்தெலும்புதான் என்பதும், அந்தச் சிறு எலும்புகள் ஒவ்வொன்றாக இறுகப் பல வருடங்கள் எடுக்கும் என்பதும் பின்னர்தான் எனக்குத் தெரிய வந்தது. அந்த அதட்டல் இன்னும் உறுத்துகிறது. ஒன்றை மறைக்கக் கூடாது: ஆங்கிலம் என்றால் இன்றைக்கு அவளுக்குப் பயமில்லை. எனக்கு இருந்தது, இருக்கிறது.

ஊர் முன்பள்ளி எட்டரைக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும். ஒரு மண்டபம், வேப்பமரத்தில் கட்டிய டயர் ஊஞ்சல், மணல், அவித்த பயறு. ஆசிரியை எங்கள் ஊர்ப் பெண். கைக்கு வரும் கொடுப்பனவு மாதம் முடியப் போதாது. அவருக்குப் பிள்ளைகளை விளையாட விடத்தான் விருப்பம். "விளையாட விட்டால், டீச்சர் ஒன்றும் படிப்பிக்கவில்லை என்று தாய்மார் வந்து நிற்கிறார்கள், தங்கச்சி" என்றார். ஜெர்மனியில் ஃபிரோபெல் என்ற கல்வியாளர் 1840இல் இப்படியான இடத்துக்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தார். நாங்கள் தோட்டத்தை விட்டுவிட்டு மேசையையும் கதிரையையும் மட்டும் பிடித்துக்கொண்டோம். எப்படியானாலும் பிள்ளைகள் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. சண்டை பிடிக்க, பங்கிட, முறை வரும்வரை காத்திருக்க ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை வேண்டும்.

இனி வளவு. போன வருடம் மாரி தொடங்குமுன் அம்மா பனங்கொட்டைப் பாத்தி போட்டார். மகனுக்கு அப்போது மூன்றரை வயது. கடகத்திலிருந்து ஒவ்வொரு கொட்டையாக எடுத்துக் கொடுத்தான். "ஏழு, எட்டு, பதினொன்று" என்று எண்ணினான், அம்மா திருத்தவில்லை. அடுத்த நாளே முளைத்துவிட்டதா என்று கேட்டான். அதற்கடுத்த நாளும் கேட்டான். மூன்றாம் கிழமை, ஒன்றே ஒன்று என்று சொல்லித் தோண்டிக் காட்டினார். முளை மேலே வராமல் கீழே இறங்கியிருந்தது. "அம்மம்மா, இது தலைகீழாகப் போகிறது" என்று கத்தினான். "அது முதலில் கீழே போய்த்தான் கிழங்கு வைக்கும், குஞ்சு" என்று சொல்லி மூடிவிட்டார். இன்னும் சில கிழமைகள் கழித்து இன்னொன்றை எடுத்துக் கத்தியால் பிளந்து உள்ளே இருந்த பூரானை, அந்த இனிப்பான வெள்ளைப் பருப்பை, தின்னக் கொடுத்தார். தைமாதம் கிழங்கு பிடுங்கும்போது எண்ணிக்கை தானாகவே சரியாக வந்தது. ஒன்பதையும் பத்தையும் எந்த நாளில் பிடித்தான் என்று எனக்குத் தெரியாது.

எழுத்தும் அப்படித்தான். விஜயதசமிக்கு ஏடு தொடக்கி அரிசியில் 'அ' எழுதினான். பிறகு முற்றத்து மணலில் விரலால் எழுதுவான், காலால் அழிப்பான். கொப்பி கொடுக்கவில்லை.

இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842–1923) என்ற கல்வியாளர் ஆறு வயது வரை முறையான பாடம் வேண்டாம், பிள்ளை வெளியிலே திரியட்டும் என்றார். பின்லாந்தில் ஏழு வயதாகும் வருடத்தில்தான் பள்ளி. அங்கே முதலாம் வகுப்பு அதற்கேற்றபடி காத்திருக்கிறது. இங்கேயோ எழுத்துத் தெரிந்த பிள்ளைகளோடு தெரியாத பிள்ளையும் உட்கார வேண்டும். முதல் சில மாதங்கள் என் மகன் திணறலாம். அதைத் தெரிந்துகொண்டே இந்த வழியில் இறங்கினேன்.

வளவு வழிக்கு வேறு விலைகளும் உண்டு. வீட்டில் எந்நேரமும் பெரியவர் ஒருவர் வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு தனியாகக் குடும்பம் சுமக்கும் பெண்கள் வன்னியில் எத்தனையோ பேர். ஆடைத் தொழிற்சாலைக்கோ கூலி வேலைக்கோ போகிற ஒருத்தியிடம் "பிள்ளையை வீட்டில் வைத்திருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கு ஊர் முன்பள்ளிதான் சரி, அதில் கேள்விக்கே இடமில்லை. கட்டில்லாத கிணறு, பாம்பு, வாய்க்கால், இரவில் யானை எல்லாம் இங்கே உண்டு. மிதிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் இலங்கை 2017இல் சேர்ந்தும் அகற்றும் வேலை இன்னும் ஓயவில்லை. ஆகவே 'தொட்டுப் பார்த்துப் படி' என்கிற இயற்கைக் கல்வி எங்கள் ஊரில் 'இரும்பாகக் கிடப்பதைத் தொடாதே, கூப்பிடு' என்றுதான் தொடங்க வேண்டும். கதியால் வேலிக்கு அப்பால் தனியே போகக் கூடாது என்பது மகனுக்குப் பெயர் சொல்லத் தெரியுமுன்னரே தெரியும்.

தனிமையும் ஒரு குறைதான். கோயில் திருவிழாவில் ஒரு பிள்ளை இவனுடைய போளையை (கோலிக்குண்டை) எடுத்ததற்கு, கேட்காமல் கொள்ளாமல் பிடித்துத் தள்ளிவிட்டான். பங்கு என்ற சொல் அவனுக்குத் தெரியும், பழக்கம் இல்லை.

ஆகவே மூன்றில் நகரத்து வானை முற்றாகத் தள்ளிவிட்டேன். நான்கு வயது தாண்டியதும் கிழமையில் மூன்று காலை ஊர் முன்பள்ளி, மிச்ச நாள் அம்மம்மாவோடு வளவு என்று வைத்துக்கொண்டோம். கொப்பி தர வேண்டாம் என்று கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டு, இப்படிக் கேட்ட முதல் தாய் நீங்கள்தான் என்றார்.

போன கிழமை துணி துவைக்கும்போது அவனுடைய காற்சட்டைப் பையில் நான்கு பாலைக் கொட்டைகள் இருந்தன. முன்பள்ளியில் ஒரு பிள்ளை ஒரு போளைக்கு இரண்டு கொட்டை என்று மாற்றியதாம். இவன் கொண்டுபோனது ஒரு போளைதான், அது இன்னும் மேசையில் கிடக்கிறது. நான்கு எப்படி வந்தது என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை.