தகாகுரா உரக்கூடை: உறை கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்

பார்த்தால் அழுக்குத் துணி போடும் பிளாஸ்டிக் கூடை. உண்மையும் அதுதான். உள்ளே சுற்றிலும் அட்டை, கீழே ஓர் உமித் தலையணை, மேலே இன்னொன்று, நடுவில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பழுப்பு நிறத் தூள். சமையலறைக் கழிவை உரமாக்கும் உறை அந்தத் தூள்தான். மோட்டார் கிடையாது, மின்சாரம் வேண்டாம், மண்ணும் வேண்டாம். ஒற்றை அறை வீட்டிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடியிலும் வைக்கக்கூடிய உரக்கலன்கள் மிகச் சில. அவற்றில் இதற்கே முதலிடம் தரலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, அது பிறகு.

இந்தோனேசியாவின் சுரபயா நகரத்தில் பிறந்தது இது. 2001இல் மக்கள் எதிர்ப்பால் அங்கே கெப்புதி குப்பைக் கிடங்கு மூடப்பட்டது. தெருக்களில் குப்பை குவிந்தது. ஜப்பானின் கிதாக்யூஷு நகரத்திலிருந்து 2004இல் வந்த பொறியாளர் கோஜி தகாகுரா, புஸ்தகோத்தா என்ற உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து இதை உருவாக்கினார். வெளிநாட்டு நுண்ணுயிர்ப் பொட்டலம் எதையும் அவர் கொண்டுவரவில்லை. அந்த ஊர்ச் சமையலறையில் புளிக்கவைக்கும் தெம்பே, தாப்பே, அரிசி ஆலையில் கழியும் உமி, தவிடு, இவைதான் மூலப்பொருள். வாசல் என்று ஒன்று இல்லாத, இரண்டு பேர் உரசிக்கொண்டு நடக்கும் கம்போங் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளின் சந்துகளுக்காகவே அளவெடுத்த கலன். மாநகராட்சி ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கொடுத்தது. 2005இல் நாளுக்குச் சுமார் 1500 டன்னாக இருந்த குப்பை, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 1000 டன்னுக்கு இறங்கியது. அந்தப் பெருமை முழுவதையும் கூடையின் கணக்கில் எழுதுவது தவறு. சந்தைக் கழிவுக்கு நகராட்சியே உர மையங்கள் நடத்தியது, தெருக்களுக்கிடையே தூய்மைப் போட்டி வைத்தது. இவையும் சேர்ந்துதான் அந்தக் குறைவு.

கூடை வாங்கும்போது பார்க்க வேண்டியது துளை. கொள்ளளவு 40 முதல் 50 லிட்டர். பக்கவாட்டிலும் அடியிலும் துளை இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழையாத அளவில். அழகுக்காகப் பெரிய பூவேலைத் துளை போட்ட கூடையில் அட்டை சீக்கிரம் பிதுங்கிவிடும். துளையே இல்லாத வாளியில் செய்தால் அது வேறு பொருள். காற்றில்லாமல் புளித்து நாறும். கூடையை இரண்டு செங்கல்மேல் தூக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். ஜன்னலோரம் நல்லது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழேதான் இடம் காலி என்று அங்கே வைப்பவர்கள் அதிகம். ஈரம் ஏறி முதலில் கெடுவதும் அந்தக் கூடைகள்தாம்.

உமித் தலையணையைக் கொசுவலைத் துணியில் தைத்துக்கொள்ளலாம். கூடையின் அடியளவுக்கு நீள அகலம், மூன்று விரல் தடிமன் போதும். கீழ்த் தலையணை ஒழுகும் நீரை உறிஞ்சி அடியில் காற்றுக்கு வழி விடுகிறது. மேல் தலையணை மணத்தையும் ஈரத்தையும் பிடித்துக்கொண்டு ஈயைத் தடுக்கிறது. அதன்மேல் பழைய பருத்திப் புடவைத் துண்டு, பிறகு மூடி. இணையத்தில் விற்கும் சில தயார்ப் பெட்டிகளில் மேல் தலையணை இருப்பதே இல்லை. அதை விட்டால் இது வெறும் கூடை.

உள்ளே இருக்கும் தூளை இந்தோனேசியாவில் விதை உரம் என்பார்கள். நமக்கு உறை என்றால் சட்டென்று விளங்கும். பாலுக்குத் தயிர் எப்படியோ, கழிவுக்கு இந்தத் தூள் அப்படி. தயாரிக்கும் முறையும் வீட்டுச் சரக்குதான். ஒரு கேனில் 3 லிட்டர் தண்ணீர், 100 கிராம் வெல்லம், ஒரு கரண்டி புளித்த தயிர், ஒரு கரண்டி பழைய இட்லி மாவு. இன்னொரு கேனில் 3 லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி கல் உப்பு, நறுக்கிய காய்த்தோல், பழத்தோல் இரண்டு கைப்பிடி. கேனை முழுக்க நிரப்பக் கூடாது, மூடியை இறுக்கவும் கூடாது. வாயு கிளம்பிக் கேன் உப்பிவிடும். நான்கைந்து நாளில் முதல் கேனில் கள் வாடையும் இரண்டாவதில் ஊறுகாய்ப் புளிப்பும் வரும். அழுகல் வாடை வந்தால் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

இரண்டையும் வடிகட்டி, ஒன்றரைக் கிலோ உமியும் 5 கிலோ தவிடும் கலந்த குவியலில் தெளித்துப் பிசைய வேண்டும். எடையில் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தாலும் படியில் அளந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். பிழிந்தால் சொட்டக் கூடாது. சாக்கால் மூடி நாள்தோறும் ஒருமுறை கிளறினால், மூன்றிலிருந்து ஐந்து நாளில் வெண்பூஞ்சை படரும்.

பலர் தோற்பது இங்கேதான். ஒரு கூடைக்கான ஆறரைக் கிலோ உலர் கலவையைத் தனியாகக் குவித்தால் சரியாகச் சூடேறாது. சின்னக் குவியல் தன் வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடும். பத்து வீட்டுக்கு ஒரே குவியலாக, அதாவது 50 கிலோ தவிட்டு மூட்டை ஒன்றும் 15 கிலோ உமியும் 60 லிட்டர் கரைசலும் சேர்த்துப் போட்டால் உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும். தேவையற்ற கிருமிகளையும் பூச்சி முட்டைகளையும் அடக்குவது அந்தச் சூடுதான். ஆக இந்தக் கூடை ஒரு வீட்டுக்கு வாங்கும் பொருளே இல்லை. பத்து வீடு சேர்ந்து தொடங்கும் பொருள்.

தவிடு மாட்டுத் தீவனக் கடையில் எப்போதும் கிடைக்கும். உமிதான் சென்னை போன்ற ஊர்களில் சிக்கல். அரிசி ஆலை பக்கத்தில் இல்லையென்றால் நொறுக்கிய காய்ந்த இலையோ தென்னைநார்க் கழிவோ போடலாம். நார்க்கழிவுக் கட்டியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட வேண்டும். ஒட்டுப்பலகை அறுத்த மரத்தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும்.

அன்றாட வேலை ஐந்து நிமிடம். காய்த்தோல், பழத்தோல், டீத்தூள், நொறுக்கிய முட்டை ஓடு, நறுக்கிய வாழை இலை எல்லாம் இரண்டு விரற்கடை அளவுக்குத் துண்டாக இருக்க வேண்டும். நடுவில் குழி பறித்துப் போட்டு, தூளோடு கலந்து மூடிவிட வேண்டும். நான்கைந்து பேர் உள்ள வீட்டில் நாளொன்றுக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரைக் கிலோ தாங்கும். மறுநாள் கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பு இருந்தால் சரியாகப் போகிறது. கழிவில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால் கூடை நிறைய இரண்டு மூன்று மாதம் ஆகும். எலும்பு, தேங்காய் ஓடு, மாங்கொட்டை, நார் பிரியாத இளநீர் மட்டை இவற்றுக்கு இங்கே இடமில்லை.

நம் சமையலுக்கு இந்தக் கூடை அவ்வளவாகப் பழகியதல்ல என்பது முக்கியமான குறை. மீந்த சோற்றை அப்படியே கவிழ்த்தால் உருண்டையாகி, உள்ளே காற்றுப் போகாமல் புளித்துவிடும். உதிர்த்துக் கலந்தால் ஒரு கைப்பிடி வரை பொறுக்கும். குழம்பு, ரசம், ஊறுகாய் வேண்டவே வேண்டாம்: ஈரமும் எண்ணெயும் நுண்ணுயிரை மூச்சடைக்கும், உப்பு உரத்தில் சேர்ந்து செடியைக் கருக்கும். மீன் செதிலையும் குடலையும் போடலாம் என்று விளம்பரங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். வெயில் மாதத்தில் ஒரே இரவில் ஈ முட்டை வைத்துவிடும்.

புளித்த நாற்றம் என்றால் ஈரம் கூடிவிட்டது. இரண்டு நாள் கழிவு போடாமல், உமி சேர்த்துக் கிளறி, தலையணைகளை வெயிலில் காயவைக்க வேண்டும். மூத்திர வாடை போலக் கண்ணெரிச்சல் தந்தால் தவிடும் பச்சைக் கழிவும் அதிகம்; காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ கேட்கிறது. எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்க வேண்டும். சூடே இல்லையென்றால் துண்டுகள் பெரிதாக இருக்கலாம், அல்லது தீனி போதவில்லை. இருவரும் வேலைக்குப் போய் பார்சல் வாங்கிச் சாப்பிடும் வீட்டில் கால் கிலோதான் தேறும். அப்படிப்பட்ட இரண்டு மூன்று வீடு ஒரே கூடையைப் பகிர்வது மேல். தட்டையான சாம்பல் நிறப் புழுக்கள் கருஞ்சிப்பாய் ஈயுடையவை. கடிக்காது, நோய் பரப்பாது, கழிவையும் வேகமாகத் தின்னும். ஆனால் தரையில் ஊர்ந்து வருவதைப் பார்த்த வீட்டுக்காரர் அன்றைக்கே கூடையைக் கீழே கொண்டுபோய்விடுவார். எலித் தொல்லை உள்ள இடத்தில் பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். கம்பி வலை சுற்றாமல் தப்பாது. அட்டையை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் அதற்கும் முன்பே.

போட்டியில் இருக்கும் மற்றவை? மூன்றடுக்கு மண்பானை காற்றோட்டத்தில் சிறந்தது, பார்க்கவும் அழகு. விலையும் எடையும் அதிகம், உடைந்தால் போயிற்று. கேரளத்தில் பரவலான குழாய் உரமுறை மலிவுதான், ஆனால் குழாயின் அடியை மண்ணில் புதைக்க வேண்டும். மாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது? காற்றுப்புகா போகாஷி வாளி சமைத்த உணவையும் ஏற்கும்; தவிட்டுத் தூளை மாதாமாதம் வாங்க வேண்டும், கடைசியில் அந்தக் கழிவையும் மண்ணில் புதைத்தாக வேண்டும்.

முன்பே சொன்ன நிபந்தனை இதுதான்: உறை தர ஆள் வேண்டும். சுரபயாவில் கூடையைக் கொடுத்துவிட்டு யாரும் போய்விடவில்லை. குடும்ப நல மகளிர் அமைப்பான பெகாகாவின் பெண்களும் பயிற்சி பெற்ற சுற்றுச்சூழல் தொண்டர்களும் சந்துக்குச் சந்து வீடு வீடாகப் போய்க் கூடைக்குள் கை விட்டுப் பார்த்தார்கள். கெட்டுப்போன கூடைக்குப் புது உறை கிடைத்தது. தயிர் சரியாகத் தோயாத நாளில் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறை வாங்குவதில்லையா, அப்படித்தான். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு இந்த வேலை பொருந்தும். வாரம் இருமுறை நாற்பது வீட்டைச் சுற்ற ஒருவர், மாதம் ஒரு தவிட்டு மூட்டை, மழை படாத சிமெண்டுத் தரை கொஞ்சம். இவ்வளவு இல்லாமல் குடியிருப்பு முழுக்கக் கூடை விநியோகித்தால் அவை மறுபடி அழுக்குத் துணிக்கே திரும்பும். இந்தச் செலவைத் திட்ட மதிப்பீட்டில் எழுதாத அமைப்புகள் கூடைக்கான பணத்தையும் மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

சேர்ந்து செய்தால் இன்னொரு லாபம் உண்டு. ஈரக்கழிவு தனியே போய்விட்டால் அட்டையும் பால் கவரும் பாட்டிலும் அழுக்காகாமல் இருக்கும். பழைய பேப்பர் கடையில் நனைந்த அட்டைக்குக் கழிக்கும் எடை மிச்சம். இந்தோனேசியாவின் பந்துல் பகுதியில் 2008இல் தொடங்கிய குப்பை வங்கியில் இப்படிப் பிரித்த பொருளை எடைபோட்டுப் பாஸ்புக்கில் வரவு வைக்கிறார்கள்.

கூடை நிறைந்ததும் மூன்றில் இரண்டு பங்கை அள்ளிச் சாக்கில் கட்டி, நிழலில் இரண்டு மூன்று வாரம் ஆறவிட வேண்டும். மீதி ஒரு பங்கு அடுத்த சுற்றுக்கு உறை. ஆறாத உரத்தைச் செடிக்குப் போட்டால் வேர் வெந்துவிடும். ஆறியதையும் தொட்டி மண்ணில் கால் பங்குக்கு மேல் கலக்க வேண்டாம். செடியே வளர்க்காத வீடுகள் அதிகம் என்றால், எடுத்துக்கொள்ளப் பக்கத்தில் பூங்காவோ நர்சரியோ இருக்கிறதா என்று கூடை வாங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.